ரொட்டிக்காரரின் தொண்டை

"இதுதானா என் புருஷனைக் கொல்லுது? சோதிச்சுச் சொல்லுங்க!" என்று அந்தப் பெண் ஈஸ்ட் டப்பாவை மேசைமேல் வைத்தாள். வைத்தாளா? கிட்டத்தட்ட எறிந்தாள்.

மருத்துவமனை ஆய்வகத்தின் தலைவி மெல்ல நிமிர்ந்தார். எதற்கும் பதறாதவர் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சாவதானம்' என்று பெயர். பக்கத்தில் இருந்த உதவியாளர் 'அவசரம்'. மூன்று பேர் வேலையை ஒருவராகச் செய்து, அதில் பாதியைத் திரும்பவும் செய்கிறவர். இந்த ஜோடியை வைத்துக்கொண்டு ஆய்வகம் எப்படி ஓடுகிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"உட்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவள் கணவருக்குச் சொந்தமாக ரொட்டிக்கடை. சர்க்கரை வியாதி உண்டு. மூன்று வாரமாகத் தொண்டைக்குள் புண். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

"இங்க சேர்த்து மருந்து ஏத்தினதும் மூணு நாள் தேவலாம்னு இருந்தாரு. அப்புறம் முன்னைவிட மோசம். ரிப்போர்ட்ல ஈஸ்ட் கிருமின்னு போட்டிருக்கு. என் நாத்தனார் அதைப் படிச்சுட்டு, 'உங்க கடை ஈஸ்ட்தான் என் தம்பியைத் தின்னுது'ன்னு அடுப்பையே அணைச்சுட்டாங்க. மனுஷன் பாதியா இளைச்சுட்டாரு. எனக்குப் பயமா இருக்குங்க."

"ரிப்போர்ட் சரிதான் மேடம், நான்தான் செஞ்சேன்!" என்றார் அவசரம். "அந்த மருந்துக்கு அந்தக் கிருமி செத்துருது. டாக்டர்தான் அளவைக் குறைச்சிருப்பாரு."

சாவதானம் வார்டுக்குப் போன் செய்தார். அளவு சரியாகவே இருந்தது.

பிறகு குளிர்பெட்டியைத் திறந்து, நோயாளியின் தொண்டை மாதிரியை முதலில் வளர்த்த தட்டை எடுத்தார். வெள்ளைப் புள்ளிகள். சில பெரியவை, பல சிறியவை.

"சோதனைக்கு எதை எடுத்தீங்க?"

"வழக்கம்போலத்தான் மேடம். கொழுகொழுன்னு தனியா இருந்த ஒண்ணை."

"இந்தச் சின்னதெல்லாம்?"

"அதெல்லாம் குட்டிங்க. இன்னும் வளரல."

"எல்லாத்தையும் ஒரே நிமிஷத்துலதானே விதைச்சீங்க? அப்புறம் இதுங்களுக்குள்ள வயசு வித்தியாசம் எங்கேர்ந்து வந்துச்சு?"

சின்னவை வேறு ரகமாக இருக்கலாம் என்று அவசரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ரக ஈஸ்டும் ஒவ்வொரு நிறத்தில் வளரும் தட்டு ஒன்று உண்டு. பெரிய புள்ளி, சிறிய புள்ளி, கடை ஈஸ்ட் மூன்றையும் அதில் தனித்தனியே விதைத்தார்கள். சிறியதற்கு மருந்துச் சோதனையும் வைத்தார்கள்.

இரண்டாம் நாள் மனைவி, நாத்தனார், டாக்டர் மூவரும் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"கடை ஈஸ்ட் மங்கின நிறத்துல வளர்ந்திருக்கு. அது தொண்டை மாதிரியில இல்லவே இல்ல. அது நிரபராதி," என்றார் சாவதானம். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பெரிசு பச்சை, சின்னது ஊதா. ஆக, ரெண்டு பேர். பச்சைக்காரன் நூல் மாதிரி நீண்டு சதையைத் துளைப்பான். ஊதாக்காரனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போயிடுவான். தனித்தனியா வந்திருந்தா இவ்வளவு சேதம் ஆகியிருக்காது. மருந்து பச்சைக்காரனை அடிச்சுது, அதான் மூணு நாள் சுகம். காலியான இடத்துல ஊதாக்காரன் பெருகிட்டான். இந்த மருந்துக்கு அவன் அசையல. ரெண்டு பேரையும் அடிக்கிற ஊசி வேற இருக்கு, டாக்டர்."

டாக்டர் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தார்.

"தப்பு என்னோடதுங்க," என்றார் அவசரம். "ஒண்ணை எடுத்தாப் போதும்னு விட்டுட்டேன்."

"கையெழுத்துப் போட்டது நான்," என்றார் சாவதானம். "இனிமே சின்னதையும் எடுப்போம்."

புது ஊசி போட்ட ஐந்தாம் நாள் காலை ஆய்வகத்துப் போன் அடித்தது. அவசரம் பாய்ந்து எடுத்தார்.

"ரொட்டிக்கடைக்காரன் பேசறேங்க," என்றது ஒரு கரகரத்த குரல். "இப்பத்தான் ஒரு டம்ளர் பால் குடிச்சேன். முழுசா."

அவசரத்துக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மறுமுனையில் நாத்தனார் அதட்டுவது கேட்டது: "பேசாதேடா, தொண்டைக்கு ஆகாது!"

கூடவே மனைவியின் குரல், சிரிப்பும் அழுகையுமாக: "விடுங்க அண்ணி, பேசட்டும். மூணு வாரமாச்சு அவர் குரலைக் கேட்டு!"