ஒட்டாத இரண்டு பந்துகள்

காலையிலிருந்து உமைமாவின் கால் தரையில் பாவவே இல்லை. பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பாகாயம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து பூர்ணிமா மேடம் வருகிறார். செல்களை ஆராய்ச்சி செய்கிறவர். எந்த மாடல் அவருக்குப் பிடிக்கிறதோ, அதைச் செய்த பிள்ளைக்கு மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள செல்லைக் காட்டுவாராம்!

உயிருள்ள செல்! புத்தகத்துப் படம் இல்லை, நிஜம்!

உமைமாவின் மாடல் இரண்டு ஸ்பாஞ்சு பந்துகள். இரண்டும் இரண்டு செல்கள். அம்மி என்று அவள் கூப்பிடும் அம்மா முனவ்வர் பேகம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். கழித்துப்போட்ட ஒட்டுப்பட்டைத் துண்டுகளை அங்கே கேட்டு வாங்கி வந்திருந்தார். சின்னப் பிள்ளைகள் ஷூவில் பர்ர்ரென்று பிரித்து ஒட்டுவார்களே, அதேதான். ஒரு பந்தில் சொரசொரப்பான கொக்கிப் பட்டை. இன்னொன்றில் மெத்தென்ற பட்டை. செல்லின் மேல் வேறு பொருட்களும் இருக்கும் என்று காட்ட, கொக்கிப் பந்தில் நாலு சிவப்புப் பட்டன்களும் உண்டு.

மேடம் வந்து நின்றார்.

"நம்ம உடம்புல செல்லெல்லாம் உதிர்ந்து போகாம இப்படித்தான் ஒட்டிக்குது மேடம். பாருங்க!"

இரண்டு பந்துகளையும் சேர்த்து அமுக்கினாள். கையை எடுத்தாள். பொத்தென்று ஒன்று விழுந்து உருண்டு, வகுப்புத் தோழன் காஷிஃப் காலடியில் நின்றது.

"இன்னா உமைமா, உன் செல்லு ரெண்டும் டூ விட்டுக்கிச்சா?"

வகுப்பே சிரித்தது. நேற்று நன்றாக ஒட்டியதே! கையிலிருந்த கொக்கிப் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொக்கிப் பட்டை ஒவ்வொன்றின் மேலும் மெத்துத் துண்டு ஒன்று அளவாக உட்கார்ந்திருந்தது.

அம்மியின் வேலை! கம்பெனியில் கொக்கிப் பட்டையைத் தைத்ததும் அதன்மேல் ஒரு மெத்துத் துண்டை அமுக்கி மூடிவிடுவார்கள். மூடாவிட்டால் பக்கத்து ஷூவின் தோலைக் கீறிவிடும். காலையில் பந்துகளைப் பையில் வைத்த அம்மியின் கை, பழக்கத்தில் அதையே செய்துவிட்டது.

"பரவாயில்லம்மா" என்று மேடம் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"மேடம், போகாதீங்க! இது கெட்டுப்போகல. கொக்கி மேல ஏற்கெனவே வேற ஒண்ணு உக்காந்துட்டிருக்கு. அதான் பந்து ஒட்டறதுக்கு எடமில்ல!"

மேடம் சட்டென்று திரும்பினார். "ஒட்டறது கொக்கிதான்னு எப்படிச் சொல்ற? பட்டனா இருந்தா?"

உமைமா கையை நீட்டினாள். "காஷிஃப், பந்தக் கொண்டா! உன் நோட்டு ஸ்டிக்கரையும் குடு!"

பர்ர்! மெத்துத் துண்டுகளைப் பிய்த்தாள். பட்டன்கள் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மூடினாள். பந்துகளை அமுக்கினாள். கப்பென்று ஒட்டிக்கொண்டன! பிரித்து, ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு, கொக்கிகளை மெத்துத் துண்டுகளால் மறுபடி மூடி அமுக்கினாள். பொத்!

"பட்டனை மூடினா ஒட்டுது. கொக்கியை மூடினா ஒட்டல. அப்ப ஒட்டறது கொக்கிதான் மேடம்!"

மேடத்துக்கு உமைமாவை விடக் குஷியாகிவிட்டது. "ஏழு வருஷமா நான் இதைத்தாம்மா செய்யறேன்! செல்லு மேல எத்தனையோ மூலக்கூறு இருக்கும். எது ஒட்டுதுன்னு பார்த்தா தெரியாது. ஒண்ணை மட்டும் ஆன்டிபாடியால மூடிப் பார்ப்போம். ஒட்டறது நின்னுட்டா, அதுதான் ஆளு!"

"ஆன்டிபாடின்னா இன்னா மேடம்?" என்றான் காஷிஃப்.

"கிருமியைப் பிடிக்க நம்ம உடம்பு செய்யற சாமான். தனக்குப் பொருந்தற எடத்துல மட்டும்தான் ஒட்டும். இந்த மெத்துத் துண்டைப் பட்டன் மேல வெச்சுப் பாரு."

காஷிஃப் வைத்தான். வழுக்கி விழுந்தது. "அட, ஆமா!"

"உமைமா, ஞாயித்துக்கிழமை பாகாயம் வர்றியா? செல்லு ரெடியா இருக்கும்."

உமைமா ஒரு குதி குதித்தாள். பிறகு தயங்கினாள். "மேடம், கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமா?"

"ஸ்டிக்கர் என்னுது மேடம்!" என்று காஷிஃப் கையைத் தூக்கினான்.

"நீயும் வா. ஆனா நான் சொன்னது எங்க அம்மியை. ஆன்டிபாடி வெச்சதே அவங்கதான்!" என்றாள் உமைமா.

ஞாயிற்றுக்கிழமை, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த அம்மி நகரவே இல்லை. "அல்லாவே, நகருது பாரு! ஒண்ணைப் போய் ஒண்ணு புடிக்குது பாரு!"

"எப்படிப் பாக்கறது? என் முறை அம்மி, என் முறை!" என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள் உமைமா.