நாலாவது பீப்பாய்

படார்... படார்... என்று இரண்டு முறை ஏதோ நொறுங்கியது. கார் மட்டும் நகரவில்லை.

ஏப்ரல் மழை, பிரான்ஸில் ஆர்புவா ஊரின் திராட்சைச் சரிவுகளைக் கழுவிக்கொண்டிருந்தது. குறுக்கு வழி என்று நினைத்துத் தோட்டத்துக்குள் காரை விட்டிருந்தாள் ஸொலேன். சக்கரம் சேற்றில் புதைந்தது. முட்டுக் கொடுக்கக் கல் கிடைக்குமா என்று, மண் மாதிரி எடுக்கும் சின்ன மண்வாரியால் ஓரத்து மேட்டைத் தோண்டினாள். கல் வரவில்லை. மாட்டுக் கொம்புகள் வந்தன... ஒன்றிரண்டல்ல, குவியலாக! யோசிக்க நேரமில்லை. இரண்டை எடுத்துச் சக்கரத்தின் அடியில் செருகிவிட்டாள்.

"ஐயோ, என் கொம்பு!"

நனைந்து சொட்டியபடி ஒருவன் ஓடி வந்தான்.

"உங்க கொம்பா?" அவன் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் காணோமே..."

"சிரிப்பா இருக்கா? சாணத்தை அடைச்சு, குளிர்காலம் பூரா மண்ணுக்குள்ள வெச்சிருந்தேன். நாளைக்கு எடுத்துத் தண்ணியில கலக்கித் தோட்டத்துக்கு உரமாத் தெளிக்கணும். நீங்க என்னடான்னா டயருக்குத் தீனி போட்டுட்டீங்க!"

திட்டிக்கொண்டே காரைத் தள்ளினான். இவ்வளவு கோபக்காரன் எதற்காகத் தள்ளுகிறான்? அவளுக்குக் குழப்பமாக இருந்தது. கார் மேலேறியதும், சேறு தெறித்த முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... மழை அங்கேதான் தங்கியிருந்ததோ? மன்னிப்புக் கேட்க வந்தவள் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடுங்குறீங்க. நிலவறைக்கு வாங்க" என்றான் எரிச்சலாக. "என் பேரு குளோவிஸ்."

குளோவிஸ்! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒயின் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் முன்புதான் அந்தப் பெயருக்கு ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். 'நான்காவது பீப்பாயில் புளிப்பு ஏறுகிறது. உடனே கந்தகம் சேர்க்கவும்.'

நிலவறையில் அவன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒயின் ஊற்றி நீட்டினான். மறுபக்கத்து விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய சிவப்பு. ஒரு வாய் குடித்தாள். காட்டு ஸ்ட்ராபெரி, நனைந்த மண், அப்புறம்... பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று. எல்லாவற்றுக்கும் எண் வைத்திருப்பவளுக்கு அது புதிது.

"இது மூணாவது பீப்பாய்" என்றான். "பழத்தை மிதிச்சதோட சரி. அதுவா பொங்கிச்சு, அதுவா தெளிஞ்சுது. நான் எதையும் சேர்க்கல, எதையும் எடுக்கல. லேப்ல ஒரு மகராசி நாலாவதுல மருந்து போடச் சொல்றா. ஒயினைக் குழாய்க்குள்ள பார்க்கிறவளுக்கு நாக்கு எதுக்கு?"

பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"அந்த மகராசி நான்தான்."

"ஓ..." அவன் முகம் சிவந்தது. "கொம்பை உடைச்சது போதாதுன்னு, பீப்பாயையும் உடைக்க வந்தீங்களா?"

"உங்க நாலாவது பீப்பாய் வினிகராத்தான் ஆகும், முசியே குளோவிஸ். எழுதி வெச்சுக்கோங்க!"

கிண்ணத்தை வைத்துவிட்டு மழைக்குள் நடந்தாள். நான் சொன்னது சரிதான்... பிறகு ஏன் தோற்றவளைப் போல் இருக்கிறது?

பத்து நாள் கழித்து ஆய்வுக்கூடத்து வரவேற்பு மேசையில் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. 'குளோவிஸ், மூன்றாவது பீப்பாய்.' சோதித்தாள். குறையே இல்லை. மறுநாளும் அதே பீப்பாய், அதே எண்கள். அதற்கு மறுநாளும்...

"கேலி பண்றானா இவன்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்று கண்ணடித்தாள் கூட வேலை பார்க்கும் ஒதெத்.

"இல்லன்னா வேற என்னடி?"

"அதை உன் மெஷின்கிட்டயே கேளு."

ஒன்பதாவது பாட்டில் வந்த அன்று ஸொலேன் காரை எடுத்தாள். இந்த முறை நேர் வழி.

அவன் இளங்கொடிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன விளையாட்டு இது? ஒம்பது பாட்டில், ஒரே பீப்பாய்! எனக்கு வேற வேலை இல்லையா?"

அவன் கையிலிருந்த நாரை முறுக்கினான். "நாலாவது பீப்பாய்... வினிகராயிடுச்சு."

"எப்ப?" என்றாள் ஸொலேன்.

"நீங்க போன அடுத்த வாரமே. அப்பவே உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்... வீம்பு. மன்னிப்புக் கேக்கத்தான் லேபுக்கு வந்தேன். அன்னிக்கு நீங்க ரசிச்சுக் குடிச்ச ஒயினாச்சேன்னு கையில இதையும் எடுத்துக்கிட்டேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க குனிஞ்சு வேலை பார்த்துட்டிருந்தீங்க. கழுத்தோரமா ஒரு முடி... எனக்கு வந்த வேலையே மறந்துபோச்சு. பாட்டிலை வெச்சுட்டு ஓடியே வந்துட்டேன்."

"ஒம்பது நாளுமா?"

"ஒம்பது நாளும்." அவன் நிமிர்ந்தான். "எனக்கே புரியல. ஒண்ணு மட்டும் தெரியுது. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, ஸொலேன்."

உன்னை...! அவள் காதுமடல் சூடானது.

"சோதனைக்கு ரெண்டு ஸ்பூன் போதும்" என்றாள் மெல்ல. "மிச்சத்தை..."

"கொட்டிட்டியா?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் குடிச்சேன். தினமும். குறை கண்டுபிடிக்கத்தான் குடிக்கிறேன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன்..." அவள் குரல் உடைந்தது. சிரிப்பா, அழுகையா, அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்குப் பாட்டிலை வெச்சுட்டு ஓடாத, குளோவிஸ். உள்ள வா."