பச்சை படிந்த பாவை விளக்கு

சௌந்தரபாண்டியன் காலை இட்லிக்கு உட்கார்ந்த நேரத்தில் கல்பனா வந்து நின்றாள். திருவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை ஸ்கூட்டரை விரட்டியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சார், எங்க மியூசியத்துல விளக்கு பாழாப் போச்சு. நீங்க வந்து பாத்தாத்தான் ஒருத்தி பொழைப்பா."

"மொதல்ல தண்ணி குடி. பொறவு சொல்லு."

அவர் முப்பது வருடம் வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவர். கவரிங்கைத் தங்கம் என்று நீட்டிய பெரிய மனிதர்களையெல்லாம் முகம் கோணாமல் திருப்பி அனுப்பியவர். சிக்கலான வழக்கென்றால் போலீஸாரே அவரைத் தேடி வருவார்கள்.

கல்பனா சொன்னாள். மூன்றே அறைகள் கொண்ட அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு அவள்தான் காப்பாளர். திங்கட்கிழமை அரசு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள். அவர்களிடம் பெருமையாகக் காட்ட இருந்தது ஒரு வெண்கலப் பாவை விளக்கு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக நேற்று ஆயுத பூசை வந்தது. தூசி தட்டக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள். திரும்பி வருவதற்குள் துப்புரவு வேலை பார்க்கும் சுடலைமாடத்தி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, பளபளவென்று நிறுத்தியிருந்தாள். பூசை நாளில் விளக்கு அழுக்காக நிற்கலாமா என்பது அவள் நியாயம்.

"நானூறு வருசமா வெண்கலத்துல படிஞ்ச களிம்புப் பச்சைய அழிச்சிட்டாள்னு செயலாளர் ஐயா குதிக்காரு. அவள வேலைய விட்டு நிறுத்தி, போலீஸ்லயும் எழுதிக் குடுக்கணுமாம். புகார்ல நான் கையெழுத்துப் போடணும் சார். பெட்டியத் தொறந்து போட்டது நானு, கேசு அவ மேலயா?"

இருவரும் போய்ச் சேர்ந்தபோது செயலாளர் நவநீதகிருஷ்ணன் அருங்காட்சியக வாசலிலேயே காத்திருந்தார். வீடு வீடாக ஏறி இறங்கிப் பொருள் சேர்த்து, அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் அவர்தான். கல்பனாவுக்கு அவர் தெய்வத்துக்குச் சமம்.

"இதுல பாக்க என்ன இருக்கு? அதிகாரிங்க வாரதுக்குள்ள அத எடுத்து உள்ள வச்சிருவோம்" என்றார் எரிச்சலோடு.

சௌந்தரபாண்டியன் பெட்டியின் மேலிருந்த அட்டையைப் படித்தார். 'சுந்தரபாண்டியம் கிராமத்துச் சீனியம்மாள் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பூசையறையில் ஏற்றி வந்த விளக்கு. நன்கொடையாகத் தந்த நாள் வரை தினமும் எரிந்தது.'

மூலையில் வெளிறிப்போய் நின்ற சுடலைமாடத்தியைப் பார்த்தார். "எம்புட்டு நேரம் தேச்சே?"

"செத்த நேரந்தான் சார். ரெண்டு தேய்ப்புல பச்சை அம்புட்டும் கழண்டு வந்துருச்சு."

அவர் விளக்கைக் கவிழ்த்தார். அடித்தட்டில் வெள்ளை மையில் பதிவு எண் இருந்தது.

"இது யாரு எழுத்தும்மா?"

"என் எழுத்துதான் சார். ரெண்டு வருசத்துக்கு முன்ன விளக்கு இங்க வந்த அன்னைக்கே எழுதுனேன்."

"அப்ப வந்ததும் பச்சையாவா இருந்துச்சு?"

"ஆமா சார். ஐயா சீனியம்மாகிட்ட வாங்கி, ஒரு மாசம் வீட்ல வச்சிருந்துட்டுக் கொண்டாந்தாரு."

சௌந்தரபாண்டியன் பதிவேட்டில் தொலைபேசி எண்ணைப் பார்த்துச் சீனியம்மாளுக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"ஆச்சி, நீங்க குடுத்த விளக்கு அப்ப எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? வெள்ளி தவறாம புளி போட்டு வெளக்குன விளக்குய்யா! எங்க மாமியா காலத்துல இருந்து அப்படித்தான். குடுக்கிற அன்னைக்கும் வெளக்கிப் பொட்டு வச்சுத்தான் குடுத்தேன். தங்கமாட்டம் இருந்துச்சு."

கல்பனாவுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. நன்றி சொல்லி அவர் போனை வைத்தார்.

"வாராவாரம் புளி கண்ட விளக்குல ஏது நானூறு வருசப் பச்சை?" என்றார் சௌந்தரபாண்டியன் நிதானமாக. "நெசமான பச்சை ரெண்டு தேய்ப்புக்கு அசையாது. இது மருந்து தடவி ஏத்துன பச்சை. கல்பனா எழுத்து அடியில அப்படியே இருக்கு, அதனால இங்க வந்த பொறவு யாரும் விளக்க மாத்தல. அசல எடுத்துட்டு இந்தப் போலிய வச்சது அந்த ஒரு மாசத்துல. பழசுன்னா பச்சையாத்தான் இருக்கணும்னு நெனச்சுச் செஞ்சிருக்காக. ஒரு நாளாவது விளக்குத் தேச்ச பொம்பள இந்தத் தப்பச் செய்ய மாட்டா. தேச்சே அறியாத ஆம்பள செஞ்ச வேலை இது. சரிதானே, செயலாளர் சார்?"

ஐயா மறுத்துவிடுவார், இப்போதே மறுத்துவிடுவார் என்று கல்பனா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நவநீதகிருஷ்ணன் பேயறைந்தவர் போல நாற்காலியில் சரிந்தார்.

"எனக்குன்னு ஒத்தப் பைசா எடுக்கல. கூரை ஒழுகுச்சு. ஓலைச்சுவடியெல்லாம் நனைஞ்சுது. கேக்காத எடமில்ல, ஒருத்தரும் தரல. அசல் விளக்க வித்துத்தான் கூரை போட்டேன். இந்தப் பெட்டி, இந்த லைட்டு, எல்லாமே அந்த விளக்கும்மா."

கண்ணாடியில் ஊன்றியிருந்த கையைக் கல்பனா வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அவள் பார்த்துப் பார்த்துத் துடைத்த கண்ணாடி அது. இந்த மனிதரையா நம்பினோம்!

"கூரைக்காக வித்தீங்க, சரி. இவள எதுக்கு ஐயா போலீசுக்கு அனுப்பப் பாத்தீங்க?"



சுடலைமாடத்தி மெல்லக் கேட்டாள். "அப்ப நான் எதையும் கெடுக்கலியா மேடம்?"

"நீ எதையும் கெடுக்கல."

அதைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள். கல்பனா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டாள்.