யார் வீட்டுக்கு?

சுரங்க நகரத்துக்கு மேலே குன்றின்மீது நிற்கும் நுரையீரல் மருத்துவமனைக்கு, ஜனவரி மாதத்தில் ஒரு நண்பகலில் நான் வந்து சேர்ந்தேன். செம்பு உருக்கும் உலையின் புகையை வாழ்நாள் முழுவதும் சுவாசித்தவர்களுக்கு நேர்வதே எனக்கும் நேர்ந்திருந்தது. மூச்சு உள்ளே போகும். வெளியே வர மறுக்கும்.

நுழைவாயிலில் ஒரு பலகை தொங்கியது. ‘இன்றைய நோயாளி, நாளை வீட்டில்.’ பள்ளியில் இலக்கணம் கற்பித்தே காலம் கழித்தவள் நான்; வினைமுற்று இல்லாத வாக்கியங்களை நம்புவதில்லை.

அதை எழுதியவர் தலைமை மருத்துவர் வூலோவிச். ஆஸ்துமாவாயினும் நிமோனியாவாயினும் நாள்பட்ட மூச்சடைப்பாயினும், நோயாளிகள் படுக்கையில் கிடக்கும் காலம் உலகெங்கும் குறைந்து வருகிறது என்பதை ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று அறிவிப்பார். தம் பிரிவில்தான் அது எல்லாரையும் விடக் குறைவு என்பார். அங்கே மரணமே நிகழ்வதில்லை என்றும் சேர்த்துக்கொள்வார். அது உண்மை. மரணம் வருவதற்குள் நோயாளியை அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

எனக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில். ஜன்னலின் இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். எங்கள் நாட்டில் மனிதர்கள் புகையால் சாவதில்லை, சாராயத்தாலும் சாவதில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஓடும் குறுக்குக் காற்றால் சாகிறார்கள். அப்படித்தான் நம்புகிறார்கள். நுரையீரலுக்கென்றே கட்டப்பட்ட மருத்துவமனையில் திறந்த ஜன்னல் ஒன்றுகூட இல்லை. அறிவீனத்துக்கும் ஓர் அளவு வேண்டும்.

ஒரே ஒரு வேளையில் மட்டும் எங்கள் மக்கள் ஜன்னலைத் திறப்பார்கள். யாரேனும் இறந்தால், உயிர் வெளியேறுவதற்காக.

அடுத்த கட்டிலில் ஸ்டாமென்கா இருந்தாள். உலைத் தொழிலாளர் உணவகத்தில் சமையல் செய்தவள், நாவில் நரம்பில்லாதவள், தண்ணீர்ப் பாட்டிலில் பிளம் சாராயம் வைத்திருப்பவள்.

அன்று மாலை மூடுபனி இறங்கியது. விளக்கை இன்னும் போடவில்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அப்போது அந்த ஒலி கேட்டது.

மூக்கால் சிறிதாக ஓர் இழுப்பு. பின்பு, குவித்த உதடுகளின் வழியே நீண்ட, மெல்லிய ஊதல். சூப்பை ஆற்றுவதுபோல ஊதும்படி மூச்சடைப்புக்காரர்கள் அனைவருக்கும் இங்கே கற்றுத்தருகிறார்கள். ஸ்டாமென்கா பயிற்சி செய்கிறாள் என்று எண்ணினேன்.

திரும்பிப் பார்த்தேன்.

ஸ்டாமென்காவின் கட்டில் காலியாக இருந்தது.

ஜன்னலருகே ஒரு மர நாற்காலி. அதிலும் யாரும் இல்லை. ஆனால் அந்த ஊதல் அங்கிருந்துதான் வந்தது. நாற்காலிக்கு நேரே, அமர்ந்திருப்பவரின் வாயளவு உயரத்தில், கண்ணாடியில் ஆவி படிந்தது, சுருங்கியது, மீண்டும் படிந்தது. பெட்டியில் நெடுநாள் கிடந்த குளிர்கால மேலங்கியின் அந்துருண்டை நாற்றம் அறையில் பரவியது.

கழிவறையில் திருட்டுச் சிகரெட் புகைத்துவிட்டு ஸ்டாமென்கா திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள்.

“கேட்டுட்டீங்களா டீச்சரம்மா? நல்லவேளை. சரக்குதான் என் மண்டைக்குள்ள ஊதுதுன்னு நெனச்சேன்.”

“யார் இது?”

“விதோசவா. உங்க கட்டில்ல இருந்தவ. வீட்டுக்குப் போயிட்டா.”

“வீட்டுக்குப் போனவளா இங்க மூச்சு விடுறா?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “கோட்டு மாட்டி, பையை மடியில வெச்சு, அந்த நாற்காலில உக்கார வெச்சாங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உதடெல்லாம் நீலம். உக்காந்தபடியே தூக்கிட்டுப் போனாங்க. டாக்டர் வந்து, ‘வீட்டுக்குப் போயிட்டாங்க’ன்னு சொல்லிட்டாரு. செத்தான்னு சொன்னாத்தானே ஜன்னலத் தொறப்பாங்க? வீட்டுக்குப் போனவளுக்கு எவன் தொறப்பான்?”

ஒரு பெண்ணின் இறப்பை ஒரு தவறான சொல்லால் மூடிவைத்திருந்தார்கள். அவள் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வண்டிக்காகக் காத்திருந்தாள்.

மறுநாள் காலை வூலோவிச் வந்தார். ஸ்டாமென்காவைப் பார்க்காமலே, “அம்மா, இன்னைக்கு நீங்க வீட்டுக்கு!” என்றார்.

“டாக்டர், கக்கூஸ் வரைக்கும் நடந்தாலே கண்ணு இருட்டுது. என் வீடு மேல் மாடி. லிஃப்ட்டு செத்து வருஷமாச்சு.”

“நம்ம வீட்டுக் காத்து, நம்ம வீட்டுச் சூப்பு. அதைவிட மருந்து உண்டா?”

“அவ உதட்டப் பாருங்க” என்றேன்.

“டீச்சர், நீங்க இலக்கணத்தப் பாத்துக்குங்க. நுரையீரல நான் பாத்துக்கிறேன்.”

பிற்பகலில் அவளுக்கும் கோட்டு மாட்டினார்கள். ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார்கள். பையை மடியில் வைத்தார்கள். அதே நாற்காலி.

“இதுல வேணாம் சிஸ்டர்” என்றாள் ஸ்டாமென்கா. என்றும் கேலி பேசும் அந்தக் குரலில் அன்று கேலி இல்லை. வேறு நாற்காலி கிடையாது என்றாள் செவிலி போர்க்கா.

மூடுபனி கண்ணாடியை மூடியது.

ஊதல் தொடங்கியது.

ஸ்டாமென்கா மூச்சை உள்ளே இழுத்தாள். வெளியே விட முடியவில்லை. அவளுக்காக வேறு யாரோ விட்டார்கள். நீளமாக, பொறுமையாக.

அவள் விரல்கள் பையை இறுகப் பற்றின. நகங்கள் நீலமாயின.

“டீச்சரம்மா… மடில உக்காந்திருக்கா…”

பிறகு அவள் மார்பு அசையவில்லை. ஆனால் நாற்காலி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நான் ஜன்னலுக்குப் பாய்ந்தேன். செய்தித்தாளைப் பிடுங்கி எறிந்தேன். போர்க்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“ஐயோ டீச்சர், குறுக்குக் காத்து! ரெண்டு பேரும் செத்துருவீங்க!”

“ஏற்கெனவே ஒருத்தி செத்திருக்கா. அவளுக்குத் திறக்கணும்.”

“யாரும் சாகல. விதோசவாம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க.” இதைச் சொல்லும்போது அவள் என் கண்களைப் பார்க்கவில்லை.

ஜன்னல் சட்டம் அசையவே இல்லை. சோம்பேறிகள் ஜன்னலை மூடியபடியே வர்ணம் பூசியிருந்தார்கள்.

கூச்சல் கேட்டு வூலோவிச் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குப் புறப்பட்ட கோலம். கையில் கார் சாவி.

“இங்க என்ன கூத்து?”

ஸ்டாமென்காவின் கண்கள் செருகியிருந்தன. எனக்கு நேரமில்லை. வகுப்பில் முட்டாள் மாணவனிடம் கேட்பதுபோலக் கேட்டேன்.

“விதோசவா எங்கே?”

“வீட்டுக்குப் போயிட்டாங்க. எத்தனை தடவ சொல்றது?”

“வாக்கியம் முடியலயே, டாக்டர். யார் வீட்டுக்கு?”

“என்னது?”

“வீட்டுக்குன்னா, யார் வீட்டுக்கு? அது தெரியாமத்தான் இங்கேயே உக்காந்திருக்கா. தெளிவாச் சொல்லுங்க.”

அவர் சிரித்தார். போர்க்காவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“என் வீட்டுக்குத்தான். போதுமா டீச்சர்? சூப்பு ஆறுது, சீக்கிரம் வரச் சொல்லுங்க!”

ஊதல் நின்றது.

நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது, உட்கார்ந்திருந்தவர் எழுந்ததுபோல.

ஸ்டாமென்கா நீரிலிருந்து மேலே வந்தவளைப்போல ஓலத்துடன் மூச்சை விட்டாள். அந்துருண்டை நாற்றம் என் தோளை உரசிக் கடந்தது. வூலோவிச் சட்டென்று கோட்டுக் கழுத்தை இழுத்து மூடினார்.

“எவன் கதவத் தொறந்து வெச்சிருக்கான்? குறுக்குக் காத்து அடிக்குது!”

எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. அவர் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டே விரைந்து போனார். போர்க்கா ஆக்சிஜன் குழாயைத் திரும்பவும் ஸ்டாமென்காவுக்கு மாட்டினாள்.

“பைய எடுத்து பத்திரமா வைங்க டீச்சரம்மா” என்றாள் ஸ்டாமென்கா, குரல் வந்ததும். “பாட்டில் உடைஞ்சா நெஜமாவே செத்துருவேன்.”

அவளை வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. நுழைவாயிலில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டார்கள். வூலோவிச் கழுத்தில் கம்பளித் துண்டும் காதில் பஞ்சுமாக வந்துபோனார். நோயாளிகளிடம் நோயைப் பற்றி மட்டும் பேசினார். பாடம் தாமதமாகவே ஏறியது; ஆயினும் ஏறியது.

சில நாள் கழித்து, நடக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும், நண்பகலில் உணவறைக்குப் போனேன். அவர் மூலை மேசையில் தனியாக அமர்ந்திருந்தார். எதிரே ஒரு காலி நாற்காலி. போர்க்கா கொதிக்கக் கொதிக்கக் கோழிச் சூப்பை அவர்முன் வைத்துவிட்டு, அவசரமாக அங்கிருந்து விலகினாள்.

அவர் கரண்டியைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

சூப்பிலிருந்து எழுந்த ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு, காலி நாற்காலியின் பக்கத்திலிருந்து அவர் முகத்தை நோக்கி வளைந்தது. நிமிர்ந்தது. மீண்டும் வளைந்தது. சூப்பின்மேல் மெல்லிய அலைகள் ஓடின. நீளமாக, பொறுமையாக.

எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. குறுக்குக் காற்று என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.