லுசிலாவுக்காக வாசித்தது

காகிதக் கிரீடத்தில் ஒரு பூ மட்டும் நடுங்கியது. மழைக்குப் பயந்து கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்த அறைக்குள் காற்று எங்கிருந்து வரும்? வயலின் வாசித்துக்கொண்டே ரெமீஹியோ அதையே பார்த்தான்.

கிரீடம் அவனே ஒட்டியதுதான். பிள்ளை செத்தால் ஞானத்தகப்பன் கிரீடம் கொண்டுவர வேண்டும், அந்த ஆன்மா வழிதவறாமல் மேலே போக ஒருவர் வயலின் வாசிக்க வேண்டும் என்பது வஸ்தேகா மலைப்பக்கத்து வழக்கம். இரண்டும் இவன் தலையில் விழுந்தது. மேசைமேல் வெள்ளை உடுப்பில், தலையில் அந்தக் கிரீடத்தோடு, கைகளை நாடாவால் கட்டி, நான்கு வயது லுசிலா கிடந்தாள். வயலினை எடுத்தாலே, "மாமா, பூனைய விட்டுடுங்க, பாவம்!" என்று கேலி பண்ணுகிற வாயாடி. ஆண்கள் குழி வெட்டப் போயிருந்தார்கள். குங்கிலியப் புகை, ஊறிய மண்சுவர், ஆறிப்போன காப்பி, எல்லாவற்றுக்கும் அடியில் வாடும் சாமந்தியின் கனத்த வாடை.

"அண்ணே, மூச்சு விடுறா," என்றாள் தாய் எடெல்மிரா.

"புகையில கண்ணு மயங்குது தங்கச்சி. நேத்தே போயிட்டாளே புள்ள."

"நிறுத்திப் பாருங்க."

தந்தியிலிருந்து வில்லை எடுத்தான். வெள்ளை உடுப்பின் மார்பு தாழ்ந்தது. எழவில்லை. பதறிப்போய் மறுபடி வாசித்தான். எழுந்தது.

எடெல்மிரா கதவைப் பூட்டிச் சாவியை மாரில் செருகிக்கொண்டாள். "ஞானஸ்நானத்துல ஏந்தின கையாலயே கொல்லுவீங்களா?"

என்ன செய்வான், பாவி! அவன் மடியில் வளர்ந்த பிள்ளை. பிழைத்தால் போதுமென்றுதான் அவனும் வாசித்தான். விரல் நுனிகள் கிழிந்தன, ஒரு தந்தி அறுந்தது, தகரக் கூரையில் மழை ஓங்கியது. அப்போதுதான் நாடாவுக்குள் அவள் விரல்களைக் கண்டான். அவன் விரல் தந்தியில் எப்படி அழுத்தியதோ, அவள் விரலும் அப்படியே அழுத்தியது.

கற்றுக்கொள்கிறாள்.

"இது நம்ம லுசிலா இல்ல, தங்கச்சி..."

"வாசிங்க!"

இன்னொரு தந்தி. இன்னொன்று. கடைசியும் அறுந்தது. வில் கீழே விழுந்தது.

பாட்டு நிற்கவில்லை.

அது லுசிலாவின் வாயிலிருந்து வந்தது. அச்சு அசல் வயலின். கண்கள் திறந்திருந்தன. அவன் கத்தப் பார்த்தான். மூச்சு அவன் வசம் இல்லை. பாட்டு ஏறினால் அவன் மார்பு ஏறியது. இறங்கினால் இறங்கியது. எதிரே எடெல்மிராவுக்கும் அப்படியே.

லுசிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு, நிறுத்திப் பார்த்தாள்.