தம்பிக்கு ஏடு தொடங்கிய வாத்தியார்

குளத்தூர்ப் பள்ளிக்கூடத்துக் கதவை அந்தத் திங்கட்கிழமை காலையில் திறந்தபோது, தம்மைவிடக் கெட்டிக்காரன் திருவிதாங்கூரிலேயே கிடையாது என்பது சொக்கநாத பிள்ளை வாத்தியாரின் எண்ணம். ஐம்பத்தைந்து முடிந்து வீட்டுக்குப் போகவேண்டிய மனிதர், நெய்யாற்றின்கரை ஆபீசில் ஒரு ஜாதக ஓலையைக் கொடுத்து நாற்பத்தேழாகத் திரும்பியிருந்தார். இன்னும் எட்டு வருஷம் நாற்காலி. எட்டு வருஷம், பிள்ளைகள் சுமந்து வரும் தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும்.

ஓலை அவருடையதல்ல. மூன்று வயதில், ஏடு தொடங்கி முதல் எழுத்தை எழுதப் பதினைந்து நாள் இருக்கும்போது காய்ச்சலில் போன தம்பி பூதலிங்கத்தினுடையது. அவன் ஏடு தொடங்க இடித்து வைத்த அவலைக்கூட அண்ணன்தான் தின்று தீர்த்தார். செத்தவன் ஜாதகத்தை ஆற்றில் விட்டுவிட வேண்டும். தாய்க்கு மனம் வராமல் பெட்டியடியில் வைத்திருந்தாள். அதில் பேர் கிடையாது. இன்னார் மகன், இன்ன நாழிகை, இன்ன ஆயுள், அவ்வளவுதான். அழுகின வாழைக்குலையை இலை சுற்றி விற்கிறவனுக்கு இதைவிடத் தோதான சரக்கு வேண்டுமா?

உள்ளே ஈர மண்ணின் வாசனை. பிள்ளைகள் விரலால் எழுதிப் பழகத் தரையில் பரப்பிய ஆற்றுமணலை, வெள்ளிக்கிழமை அவரே மட்டம் போட்டுவிட்டுப் பூட்டியிருந்தார்.

நாற்காலியின் காலடியில் ஓர் 'அ'.

கோணல். மிகச் சின்ன விரல். சுற்றிலும் காலடித் தடம் ஒன்றுமில்லை.

பிள்ளைகள் வந்ததும் கைக்கு எட்டியவனை அடித்தார். அதுதான் அவருடைய விசாரணை முறை. மறுநாள் பூட்டைத் திறந்தால் 'ஆ'. அதற்கு மறுநாள் 'இ'. அவர் பகலில் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே விடியற்காலை மணலில் கிடந்தது. முப்பது வருஷத்தில் அவரிடம் ஒழுங்காகப் படித்த முதல் மாணவன்.

மாதங்கள் போய், எழுத்து 'த' வரிசைக்கு வந்ததும் வாத்தியார் பெண்டாட்டி சொர்ணம்மாளிடம் வாயைத் திறந்தார். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"ஏடு தொடங்காம போன பயலாக்கும். அவன் உசிரோட உண்டுன்னு நீங்க ஆபீசில சொல்லியாச்சு. பின்ன அவன் பள்ளிக்கூடம் வராம எங்க போவான்?"

உண்மையைச் சொல்லி, ஓலையை வாங்கி ஆற்றில் விடச் சொன்னாள். எட்டு வருஷத்தையுமா என்று கேட்டார் வாத்தியார்.

"அவனுக்க பேர எழுதப் படிச்சிட்டான்னா, நீங்க சொல்லாண்டாம். அவனே சொல்லிப்போடுவான்."

அதில் வாத்தியாருக்கு வேறொரு புத்தி உதித்தது. 'ந' வரிசையோடு பாடத்தை நிறுத்திவிட்டார். 'ப' தெரியாதவன் பூதலிங்கம் என்று எப்படி எழுதுவான்? பள்ளிக்கூடம் முழுவதும் ஒன்பது மாதம் 'ந'விலேயே குந்தியிருந்தது. ஏனென்று கேட்க ஒரு தகப்பனும் வரவில்லை. வித்தியாசம் தெரிந்தால்தானே கேட்பதற்கு?

காலைதோறும் மணலில் அதே வரிசை. ஆனால் நாளுக்கு நாள் ஆழமாக. கடைசியில் மணலைத் தாண்டித் தரையே கீறியிருந்தது.

கண் கூசும் ஒரு நண்பகலில் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆபீசிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டிய ஓலையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, அதைப் பிடித்தபடியே திரும்பினார்.

"ஓய், ஒருத்தனுக்கும் பகரம் தெரியல்லியே. மிச்சத்த இப்பம் படிப்பியும். இல்லேங்கில் நாற்காலிய விட்டு எழும்பியும்."

நாற்காலியை விடுகிற பிறவியா அவர்? படிப்பித்தார். முப்பது பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள்.

முப்பத்தொன்றாவது குரல் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது.

கடைசி எழுத்து முடிந்ததும் எல்லாம் அடங்கியது. காய்ச்சல்காரன் வாயின் புளித்த வாடை. பிறகு, நகம் கீறும் சத்தம்.

"இதாரு, பூதலிங்கம்?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

ஓலையின் ஓரத்தில் பிள்ளைக் கையெழுத்து. கீறலிலிருந்து நார் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

அது தம்முடைய செல்லப்பேர் என்று சொல்ல வாத்தியார் வாயெடுத்தார். அவரிடம் பொய்க்குப் பஞ்சமா? ஆனால் குளிர்ந்த சின்னக் கை ஒன்று அவருடைய வலது ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடித்தது.

"தம்பியாக்கும்," என்றார். "செத்துப்போச்சு."

நாற்காலி போயிற்று.

கை போகவில்லை.

சொர்ணம்மாள் ஓலையை அன்றைக்கே ஆற்றில் விட்டாள். மறுநாள் அது பெட்டியடியில் ஈரத்தோடு கிடந்தது. அதில் ஆயுள் தொண்ணூறு என்று போட்டிருந்தது. தம்பி மிச்சம் வைத்த வருஷங்களையும், அவலைப் போல, அண்ணன்தான் தின்று தீர்க்கவேண்டியிருந்தது. கண் போய், காது போய், தொண்ணூறு வரை கிடந்தார். வலது விரல் மட்டும் பகல் முழுக்கச் சாணி மெழுகிய தரையில் இழுபட்டுக்கொண்டே இருந்தது. படிப்பித்த பழக்கம் விடுமா என்று ஊர் மெச்சியது. ஊருக்குப் பார்வை அவ்வளவுதான்.

அவரை எரித்த மூன்றாம் நாள் எலும்பு பொறுக்கப் போனவர்கள் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டார்கள். சாம்பல் மட்டம் போட்டுக் கிடந்தது. அதில் பெரிய விரலால் எழுதிய கோணல் 'அ' ஒன்று.

அதன்மேல், தப்பைத் திருத்தி, சின்ன விரலால் எழுதிய நேரான 'அ'.