ஜெய்யின் மிச்சம்

தேக்கா நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்கியபோது பிடித்த மழை மருத்துவமனை வரை சங்கீதாவை விடவில்லை. குடையை வார்டு வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். நடுப்பகலிலும் அந்தி போலிருந்தது. வெளிறிய திரைகளுக்குப் பின்னால் மூச்சுகள் இழுபட்டன. மருந்து நெடி தொண்டையில் ஒட்டியது.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தோலணுக்களைக் குருத்தணுக்களாக, அதாவது ஸ்டெம் செல்களாக, மாற்றி வளர்த்த நரம்பணுக்களை, பார்க்கின்சன் நடுக்கம் வந்தவர்களின் மூளையில் செலுத்தியிருந்தார்கள். அவர்கள் கைகளைச் சோதிப்பது சங்கீதாவின் வேலை. அணுக்களைக் கொடுத்தது யார் என்று பேராசிரியர் வெங்கடேஷுக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் கட்டிலில் முகம்மது யூசுப்.

"வாம்மா. இப்பல்லாம் டீ சிந்தறதே இல்ல லா. நர்ஸுக்குத்தான் வேலை போச்சு."

"விரலைத் தட்டிக் காட்டுங்க அங்கிள், பார்ப்போம்."

தட்டினார். துளி நடுக்கமில்லை. பிறகு அவர் கண்கள் செருகின. அவள் மணிக்கட்டைப் பற்றி, உட்புறத்தில் சுண்டுவிரலால் தட்டினார். மெதுவாக இரண்டு, அழுத்தி ஒன்று.

அவளை எழுப்ப ஜெய் அப்படித்தான் தட்டுவான்.

அவள் கணவன் ஜெய் சென்ற ஆண்டு சாலை விபத்தில் இறந்துபோனான். அதற்கு முன், அவள் கேட்டாளே என்று ஆய்வுக்குத் தோலில் ஒரு துணுக்கு கொடுத்திருந்தான். "நான் செத்தா அதையும் அழிச்சிடு. என்னைப் பாதியில நிக்க வெச்சிடாதே." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தகனத்துக்கு மறுநாள் வெங்கடேஷ் வீட்டுக்கே வந்தார். "அழிச்சாச்சும்மா. நிம்மதியா சாம்பலைக் கரைங்க."

கரைத்தாள்.

"சங்கி."

யூசுப்பின் வாய். குரல் அவருடையதல்ல. அவளைச் சங்கி என்று கூப்பிட்டது ஜெய் மட்டும்தான்.

"சொன்னேனே."

"எனக்குத் தெரியாது, ஜெய்..."

"பொய்."

கையை உதறிக்கொண்டு ஓடினாள். வாசலில் வெங்கடேஷ்.

"யாரோட செல் சார் அது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்வளவு நல்லா வளர்ந்துச்சு. வீணாக்க மனசு வரலம்மா."

"எங்கிட்ட அழிச்சாச்சுன்னு சொன்னீங்களே! எத்தனை பேருக்குப் போட்டீங்க?"

அவர் பார்வை அவளைத் தாண்டி வார்டுக்குள் போனது.

உள்ளே, ஒரு கட்டில் கம்பியில் விரல் தட்டியது.

அடுத்த கட்டிலில்.

அதற்கும் அடுத்ததில்.

கடைசித் திரை மெல்ல விலகியது. திருமதி லிம், ஒரு சொல் தமிழ் அறியாத சீனப் பாட்டி, கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சங்கி," என்றார். "வீட்டுக்குப் போலாம், வா."